வயலினைத் துடைக்க எது சரி: துணியா, பாலிஷா, ஸ்பிரிட்டா?

வயலின் பெட்டிக்குள் ஒரு துணி கிடக்கும். பெரும்பாலும் பெட்டியோடு வந்த துணி. வந்த நாளிலிருந்து ஒருமுறைகூட துவைத்திருக்க மாட்டார்கள். தந்தியைத் துடைப்பதும் அதால்தான், மரத்தைத் துடைப்பதும் அதால்தான். ஒருநாள் குதிரைக்கும் (தந்திகளைத் தாங்கி நிற்கும் மரத்துண்டு) விரல்பலகைக்கும் நடுவே வெள்ளையாக ஏதோ படிந்து, எவ்வளவு தேய்த்தாலும் போகாமல் இருக்கும்போதுதான் யோசனை வரும். பாலிஷ் வாங்கலாமா? கொஞ்சம் ஸ்பிரிட், அதாவது ஆல்கஹால், தொட்டுத் துடைத்தால் என்ன? ஈரத்துணி போதுமோ? பேசாமல் பழுதுபார்ப்பவரிடம் கொடுத்துவிடலாமா?

எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு பதில் சொல்ல முடியாது. வார்னிஷ் பூசிய மரம், பூசாத மரம், உலோகம் சுற்றிய தந்தி, குதிரை வால் முடி, கருங்காலி, தோல், வெள்ளி என்று ஒரு கைக்குள் அடங்கும் வாத்தியத்தில் அத்தனை பொருள் இருக்கிறது. ஒன்றுக்கு மருந்தாவது அடுத்ததற்கு விஷம். ஸ்பிரிட் தந்திக்கு நல்லது, ஆனால் இரண்டு அங்குலம் தள்ளி இருக்கும் வார்னிஷுக்கு அது எமன். அதனால் எந்தப் பாட்டில் நல்லது என்று கேட்பதைவிட, அழுக்கு எந்த இடத்தில் இருக்கிறது, அதற்கு அடியில் என்ன இருக்கிறது என்று கேட்டுக்கொள்வது நல்லது.

அந்த அழுக்கில் முக்கால்வாசி ரோஸின். பைன் மரத்துப் பிசினைக் காய்ச்சி டர்பன்டைனைப் பிரித்தெடுத்த பிறகு மிஞ்சும் கட்டிதான் நாம் வில்லில் தேய்ப்பது. பழைய அயோனியாவில் இருந்த கொலோஃபோன் நகரத்தின் பெயரால் அதைக் கொலோஃபனி என்றும் சொல்வார்கள். அதன் பெரும்பகுதி அபியட்டிக் அமிலம். வயலின் வார்னிஷும் பல சமயம் பிசினை வைத்துச் செய்வதுதான். இனம் இனத்தோடு சேரும் என்பார்களே, இங்கே நடப்பதும் அதுதான். வாசித்து முடித்த கையோடு பார்த்தால் அது வெறும் தூள், ஊதினாலே பறக்கும். சில வாரம் அப்படியே விட்டால் காற்றின் ஈரமும் அறைச் சூடும் சேர்ந்து அதை வார்னிஷோடு ஒட்டவைத்துவிடும். அதற்கப்புறம் ரோஸினைக் கரைக்கிற எதுவும் வார்னிஷையும் சேர்த்துத்தான் கரைக்கும். வயலின் துடைப்பதில் உள்ள தலைவலி முழுவதும் இந்த ஒரு விஷயத்திலிருந்து வருகிறது.

மரத்துக்கு

அன்றாடத்துக்கு உலர்ந்த துணியை மிஞ்ச எதுவும் இல்லை. மைக்ரோஃபைபர் நல்லது, தூளை உதறிவிடாமல் பிடித்துக்கொள்ளும். துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன பழைய பனியன் துணியும் அதே வேலையைச் செய்யும். இரண்டில் எது என்பதைவிட, இரண்டு துணி இருக்கிறதா என்பதுதான் முக்கியம். தந்திக்கும் வில்லின் குச்சிக்கும் ஒன்று, மரத்துக்கு இன்னொன்று. ரோஸின் ஏறிய துணியால் மரத்தைத் துடைத்தால் துடைப்பதாகப் பெயர்தான், உண்மையில் ரோஸினைப் பூசிக்கொண்டிருக்கிறீர்கள். துணியைத் துவைக்கும்போது வாசனைக்காகவும் மென்மைக்காகவும் கடைசியில் ஊற்றும் திரவத்தைத் தவிர்த்துவிடுங்கள், அது துணியில் ஒரு மெழுகுப் படலத்தை விட்டுவிடும்.

வரிசையும் உண்டு. முதலில் தந்தி, பிறகு மரம். தந்தியைத் துடைக்கும்போது தூள் மரத்தில்தான் விழும் என்பதால் மாற்றிச் செய்தால் இரட்டை வேலை. துணியை அழுத்தாமல், மரத்தின் இழை ஓடும் திசையிலேயே இழுத்தால் போதும். எஃப் வடிவத் துளைகளின் முனையில் மட்டும் நிதானம் வேண்டும். துணியின் நூல் ஒன்று அந்தக் கூர்முனையில் மாட்டி, நீங்கள் வேகமாக இழுத்தால் மரச்சில் பெயர்ந்துவிடும். விரல்பலகையின் நுனி மேல்பலகைக்கு மேலே அந்தரத்தில் நிற்கும் அல்லவா, அதன் அடியில் விரலை விட்டுத் துணியை இழுத்துப் பாருங்கள். பல வருடம் வாசித்தவர்கள்கூட அந்த இடத்தைத் தொட்டிருக்க மாட்டார்கள்.

உலர்ந்த துணிக்கு அடங்காதது வியர்வை. உப்பை உலர்ந்த துணியால் துடைத்தால் அது இடம் மாறுமே தவிர போகாது. கழுத்தோரம், கை ஊன்றும் தோள்பகுதி, முகவாய் வைக்கும் இடம், இங்கெல்லாம் நன்றாகப் பிழிந்த ஈரத்துணி வேலை செய்யும். தொட்டால் கையில் ஈரம் ஒட்டக்கூடாது, அந்த அளவு பிழிந்திருக்க வேண்டும். ஒரு இழுப்பு, உடனே உலர்ந்த துணியால் இன்னொரு இழுப்பு. விரல் வழுக்கிப் போவதற்காக எண்ணெயோ பவுடரோ தொட்டுக்கொள்பவர்களுக்கு இந்த ஈரத்துணி வாராவாரம் தேவைப்படும்.

ஈரம் போகக்கூடாத இடங்களும் உண்டு. குதிரைக்கு வார்னிஷ் கிடையாது. எஃப் துளையின் உள்விளிம்பும், வார்னிஷ் தேய்ந்து மரம் தெரியும் இடமும், மேல்பலகை பக்கச் சுவரோடு சேரும் மூட்டும் அப்படித்தான். வயலினை ஒட்டியிருப்பது விலங்குத் தோலிலிருந்து காய்ச்சிய பசை. ஈரமும் சூடும் பட்டால் அது இளகும். குறையென்று நினைக்க வேண்டாம், வேண்டுமென்றேதான் அந்தப் பசையைப் போடுகிறார்கள். நாளைக்கு உள்ளே ஏதாவது சரிசெய்ய வேண்டுமானால் மரம் உடையாமல் வயலினின் உடலைத் திறக்க அதுதான் வழி.

எச்சில் தொட்டுத் துடைப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. கேட்க அருவருப்பாக இருக்கும், ஆனால் பழம்பொருள் பாதுகாப்பவர்கள் காலங்காலமாகச் செய்கிற வேலை. அது ஏன் வேலை செய்கிறது என்று போர்ச்சுகல் ஆய்வாளர்கள் 1990இல் ஆராய்ந்து எழுதினார்கள். எச்சிலில் உள்ள அமைலேஸ் என்ற நொதிதான் காரணம் என்று கண்டார்கள். அந்த ஆய்வுக்கு 2018இல் இக் நோபல் பரிசும் கிடைத்தது, சிரிக்கவைத்துவிட்டு யோசிக்கவைக்கும் ஆய்வுகளுக்குத் தருகிற பரிசு அது. ஒரு சின்ன விரல்தடம், காய்ந்த ஒரு சொட்டு என்றால் காது குடையும் பஞ்சுக்குச்சியில் கொஞ்சம் எச்சில் தொட்டுத் துடைக்கலாம். ரோஸின் அதற்கெல்லாம் மசியாது.

சரி, பாலிஷுக்கு வருவோம். வயலினுக்கென்றே விற்கும் பாலிஷ்கள் எல்லாம் ஒரே ரகம் இல்லை. சிலவற்றில் எண்ணெய் அதிகம், சிலவற்றில் கரைப்பான், சிலவற்றில் மிக நுண்ணிய தேய்ப்புத் தூள், சிலவற்றில் மூன்றும். ரோஸினை எடுக்கும் வேலையைக் கரைப்பானும் தேய்ப்புத் தூளும் செய்கின்றன, எண்ணெய் வெறும் பளபளப்புக்கு. முழுசாக, கெட்டியாக வார்னிஷ் உள்ள புது வயலினில் வருடத்துக்கு ஒருமுறை, ஒரு பட்டாணி அளவு துணியில் எடுத்துத் தேய்த்தால் பெரிய கெடுதல் வராது. பழைய வயலினில் கதை வேறு. கண்ணுக்குத் தெரியாத விரிசல் ஒன்று இருந்து அதற்குள் எண்ணெய் இறங்கிவிட்டால், பிறகு அந்த விரிசலைப் பசை போட்டு ஒட்டுவது பெரும்பாடு. முன்பு யாரோ நிறம் சேர்த்துச் சரிசெய்த இடம் இருந்தால் பாலிஷ் அதை வாரிக்கொண்டு வந்துவிடும். கையிலிருக்கும் பாலிஷ் துணி தந்தியிலோ வில்முடியிலோ தவறிப் பட்டுவிட்டது என்றால் அந்த இடத்தில் வில் வழுக்கும்.

வீட்டு மேசை நாற்காலிக்குப் போடும் பாலிஷ் வேண்டவே வேண்டாம். அவற்றில் பலவற்றில் சிலிகான் இருக்கும். ஒருமுறை வார்னிஷில் ஏறிவிட்டால் அதன்மேல் புது வார்னிஷ் நிற்காது, புள்ளி புள்ளியாக விலகும்.

பளபளப்பு ஆசைதான் பலரைப் பாலிஷ் பக்கம் தள்ளுகிறது என்று நினைக்கிறேன். ஆக்ஸ்ஃபோர்டின் ஆஷ்மோலியன் அருங்காட்சியகத்தில் புகழ்பெற்ற வயலின் தயாரிப்பாளர் ஸ்ட்ராடிவாரி 1716இல் செய்த ‘மெஸ்ஸையா’ வயலின் இருக்கிறது. செய்த நாளில் இருந்த மாதிரியே தோன்றும், ஏனென்றால் அதை யாரும் பெரிதாக வாசிக்கவில்லை. இத்தாலியின் ஜெனோவா நகரில் வயலின் மேதை பாகனினியின் ‘கானோனே’ இருக்கிறது, குவார்னேரி என்ற இன்னொரு தயாரிப்பாளர் 1743இல் செய்தது. அதில் முகவாய் பட்ட இடத்தில் வார்னிஷே தேய்ந்துபோயிருக்கிறது. முகவாயைத் தாங்கும் சின் ரெஸ்ட் என்பதே 1820 வாக்கில் லூயி ஷ்போர் என்ற ஜெர்மன் வயலின் கலைஞர் கொண்டுவந்ததுதான், பாகனினியோ வெறும் மரத்தில் முகவாயை அழுத்தி வாசித்தவர். அந்தத் தேய்மானத்தைப் பாலிஷ் போட்டு மறைக்க யாரும் துணியவில்லை. வாசிக்கிற வயலின் கொஞ்சம் மங்கலாக இருந்தால் என்ன குறைந்துவிடும்?

மரத்தில் ஸ்பிரிட்டைப் பற்றிச் சொல்ல என்னிடம் ஒரு கைநாட்டு இருக்கிறது. பல வருடம் முன்பு விரல்பலகையைத் துடைக்க உட்கார்ந்தேன். பஞ்சைப் பிழிய மறந்துவிட்டேன். ஒரு சொட்டு விரல்பலகை ஓரமாக வழிந்து மேல்பலகையில் விழுந்தது. பதறிப்போய்க் கட்டைவிரலால் துடைத்தேன். சொட்டு விழுந்ததைவிடப் பெரிய தப்பு அதுதான். இளகியிருந்த வார்னிஷில் என் ரேகை அப்படியே பதிந்துவிட்டது. பட்டாணி அளவுக்கு ஒரு வெளிறிய வட்டம், நடுவில் நாலைந்து வளைகோடு. வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்தால் இன்றைக்கும் தெரியும். பிறகு எனக்குப் பழுதுபார்ப்பவர் சொன்னது இதுதான்: ஸ்பிரிட் சொட்டு விழுந்துவிட்டால் கையை எடுத்துவிட வேண்டும், தொடவே கூடாது. அது தானே ஆவியாகிப் போனால் தடம் விழுந்தாலும் சின்னதாக விழும்.

ஸ்பிரிட்டில் கரைத்துச் செய்த வார்னிஷ் உடனே இளகும், எண்ணெயில் செய்தது கொஞ்சம் தாங்கும், ஆனால் அதையும் நம்ப முடியாது. தொழிற்சாலையில் மொத்தமாகச் செய்யும் பயிற்சி வயலின்களில் சிலவற்றுக்குக் கண்ணாடி போல் கெட்டியான செயற்கைப் பூச்சு இருக்கும், அதற்கு ஸ்பிரிட் பெரிதாக எதுவும் செய்யாது. உங்களுடையது எது என்று பார்வையால் சொல்வது கடினம் என்பதால், எல்லா வயலினையும் இளகும் ரகமாகவே வைத்துக்கொள்வது என் வழக்கம்.

பழுதுபார்ப்பவரிடம் கொடுப்பது எப்போது? வெள்ளைப் படலம் துணிக்கு வரவில்லை, விரல்நகத்தால் தடவினால் கரடுமுரடாக இருக்கிறது என்றால் அது வீட்டு வேலை அல்ல. அவர்களும் கரைப்பானைத்தான் தொடுவார்கள், ஆனால் மறைவான ஒரு ஓரத்தில் சோதித்த பிறகு தொடுவார்கள். புற ஊதா விளக்கைப் பிடித்துப் பார்ப்பவர்களும் உண்டு. அந்த வெளிச்சத்தில் பழைய வார்னிஷ் ஒரு நிறத்தில் ஒளிரும், பிற்பாடு தொட்டுச் சரிசெய்த இடம் வேறு மாதிரி தெரியும். எங்கே கை வைக்கலாம், எங்கே கூடாது என்று அதிலேயே புரிந்துவிடும். தாத்தா காலத்து வயலின், உள்ளே கையெழுத்துச் சீட்டு ஒட்டியது, விரிசல் உள்ளது, இவற்றையெல்லாம் கேள்வியே கேட்காமல் அங்கே அனுப்பிவிடுங்கள்.

தந்தியும் விரல்பலகையும்

வில் படும் இடத்தில் தந்தியின்மேல் ரோஸின் ஓடு மாதிரி கட்டிக்கொள்ளும். அதனால் நாதம் மங்கும், சில சமயம் எதிர்பாராமல் கீச்சென்று கத்தும். தினம் வாசித்து முடித்ததும் உலர்ந்த துணியால் தந்தியைக் கிள்ளிப் பிடித்து மேலும் கீழும் இழுத்தால் ஓடு கட்டவே கட்டாது. கேட்கச் சகிக்காத ஒரு கிறீச்சொலி வரும், வீட்டில் இருப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

ஓடு கட்டியே விட்டதென்றால் இரண்டு வழி. ஒன்று, பாட்டில் மூடியாக வரும் கார்க்கால் தேய்ப்பது. கார்க் மென்மையானது, தந்தியைக் கீறாமல் ரோஸினைப் பெயர்த்துவிடும், சொட்டுவதற்கும் அதில் எதுவும் இல்லை. இன்னொன்று ஸ்பிரிட். வேகமும் சுத்தமும் ஸ்பிரிட்டில்தான் அதிகம், ஆபத்தும் அதில்தான் அதிகம். என் கைநாட்டுக்குப் பிறகு நான் கார்க் கட்சி. மூன்று மாதத்துக்கு ஒருமுறை மட்டும் ஸ்பிரிட்டைத் தொடுகிறேன், அதுவும் தந்திக்கு அடியில் மேல்பலகை முழுக்க மறையும்படி ஒரு தடித்த துண்டை விரித்துவிட்டு. பாட்டில் வேறொரு மேசையில் இருக்கும். அங்கே போய்த் துணியின் ஒரு மூலையை நனைத்து, பிழிந்து, கொஞ்சம் காற்றில் ஆட்டிவிட்டுத்தான் வயலின் பக்கம் வருவேன்.

உங்கள் தந்தி எந்த ரகம் என்பதும் பார்க்க வேண்டியது. உள்ளே எஃகு இருக்கும் தந்தி ஸ்பிரிட்டைத் தாங்கும். 1970இல் தோமாஸ்டிக் நிறுவனத்தின் டொமினன்ட் வந்ததிலிருந்து பலரும் பயன்படுத்துவது பெர்லான் என்ற செயற்கை இழையை உள்ளே வைத்து மேலே உலோகம் சுற்றியது. இவற்றில் ஸ்பிரிட் வழிந்து சுற்றுக்குள் ஊறிவிடாமல், ஈரப்பதம் மட்டும் பட வேண்டும். குடல் தந்தி போட்டிருப்பவர்கள் ஸ்பிரிட்டை மறந்துவிடுங்கள், உலர்ந்த துணி மட்டும்தான். எல்லாவற்றிலும் மெல்லிய எஃகுத் தந்தி இருக்கிறதே, அதற்கு ரோஸினைவிட வியர்வைதான் எதிரி. துடைக்காமல் மூடினால் துருப்பிடிக்கும்.

கழற்றித் துடைத்தால் சுத்தமாக வருமே என்று நான்கு தந்தியையும் ஒன்றாகக் கழற்றிவிடாதீர்கள். குதிரை விழும். உள்ளே மேல்பலகைக்கும் கீழ்ப்பலகைக்கும் நடுவே ஒட்டாமல் வெறும் அழுத்தத்தில் நிற்கும் சவுண்ட் போஸ்ட் என்ற குச்சியும் விழலாம். அதை மறுபடி நிறுத்துவது பழுதுபார்ப்பவர் கைவேலை. ஒன்றைக் கழற்றி, மாட்டி, அப்புறம் அடுத்ததற்குப் போங்கள்.

விரல்பலகை நல்ல கருங்காலி என்றால் வார்னிஷ் இல்லாத வெறும் மரம். விரல் எண்ணெயும் அழுக்கும் சேர்ந்து தந்திக்கு அடியில் கோடு கோடாகப் படியும். அதற்குப் பிழிந்த ஸ்பிரிட் துணி பொருத்தமானது, மேல்பலகையை மூடிவிட்டால். முதல் இழுப்பிலேயே துணியைத் திருப்பிப் பாருங்கள். பழுப்பாக இருந்தால் அழுக்கு. மை மாதிரி கறுப்பாக வந்துகொண்டே இருந்தால் அது கருங்காலி இல்லை, வேறு மரத்துக்குக் கறுப்புச் சாயம் போட்டிருக்கிறார்கள். அங்கேயே நிறுத்திவிட்டு ஈரத்துணிக்கு மாறிவிடுங்கள்.

வில்

தமிழில் ஒரு வேடிக்கை. தந்தியைத் தாங்குவதும் குதிரை, தந்தியை உரசுவதும் குதிரை. வில்லில் கட்டியிருப்பது குதிரை வால் முடி, சுமார் 150 முதல் 200 இழை. புது முடியைக் கட்டி ரோஸின் போடாமல் இழுத்தால் சத்தமே வராது. ரோஸின்தான் தந்தியைப் பிடித்து இழுக்கிறது, ஒரு எல்லைக்கு மேல் தந்தி நழுவி ஓடுகிறது, மறுபடி பிடிபடுகிறது. 440 ஹெர்ட்ஸ் சுரம் என்றால் இந்தப் பிடிப்பும் நழுவலும் நொடிக்கு 440 முறை. நடுவே ஒரு விரலளவு முடியில் கை எண்ணெய் பட்டிருந்தால் அந்த இடத்தில் பிடிப்பு போய், வில் ஊமையாகிவிடும். முடியை விரலால் தொடாதே என்று முதல் வகுப்பிலேயே அதட்டுவது இதனால்தான்.

உங்கள் வில்லை எடுத்துக் கைப்பிடிப் பக்கம் பாருங்கள். முடி ஃப்ராக்கை (கைப்பிடிப் பக்கம் முடியைப் பிடித்திருக்கும் கட்டை) விட்டு வெளியே வரும் முதல் ஒரு அங்குலம் மட்டும் சாம்பலும் கறுப்புமாக, நாலைந்து இழை ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு இருக்கும். கட்டைவிரல் தினம் உரசும் இடம். அதைப் பார்த்துத்தான் பலருக்கும் வில்லைக் கழுவும் எண்ணம் வருகிறது. நேர்மையாகச் சொன்னால் அந்த ஒரு அங்குலத்தால் வாசிப்புக்குப் பாதகம் அவ்வளவாக இல்லை, அந்த இடம் தந்தியில் படுவதே குறைவு. கழுவ நினைப்பதற்கு முன் ரோஸினைக் குறைத்துப் பாருங்கள். வில்லை இழுக்கும்போது வெள்ளைப் புகை எழும்பினால் ரோஸின் அதிகம் என்று அர்த்தம். உலர்ந்த பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷால் முடியை லேசாக வாரினாலே கூடுதல் தூள் உதிர்ந்துவிடும். பாதி வில்களுக்கு இந்த வைத்தியமே போதும்.

நடுப்பகுதியிலும் முடி வழுக்குகிறது, ரோஸின் போட்டாலும் பிடிக்கவில்லை என்றால் மூன்று வழி மிஞ்சுகிறது: ஸ்பிரிட், சோப்புத் தண்ணீர், புது முடி.

ஸ்பிரிட் பழைய ரோஸினைக் கரைக்கும். கரைந்ததை உடனே வேறு துணியால் ஒற்றி எடுக்காவிட்டால் அது முடியிலேயே காய்ந்து கண்ணாடி மாதிரி பூச்சாகிவிடும், முன்னைவிட மோசம். குச்சியின் பூச்சும் ஸ்பிரிட்டுக்கு இளகக்கூடியதுதான், பல நல்ல வில்களில் அரக்குப் பூச்சுதான் இருக்கும். குச்சியைத் துணியால் சுற்றி, முடி தரையைப் பார்க்கும்படி வில்லைப் பிடித்து, நனைத்த துணியால் நடுப்பகுதியை மட்டும் துடைக்க வேண்டும். இரண்டு முனையிலும் ஒரு அங்குலம் விட்டுவிடுங்கள், ஏனென்றால் முடி அங்கே சின்ன மரச்சக்கைகளால் இறுக்கப்பட்டிருக்கிறது, ஈரம் ஊறினால் சக்கை உப்பும்.

சோப்புத் தண்ணீர், அதாவது ஷாம்பு போட்டு அலசுவது, முடிக்கு ஸ்பிரிட்டைவிட மென்மையானது. எண்ணெய்ப் பிசுக்கு இதில் நன்றாகப் போகும், ரோஸின் அவ்வளவாகப் போகாது. செய்வதற்கு ஃப்ராக்கைத் திருகிக் கழற்ற வேண்டும், கழற்றிய பிறகு முடி ஒரு முறை முறுக்கிக்கொண்டால் பிரித்து நேராக்குவதற்குள் பொறுமை போய்விடும். ஃப்ராக்கும் அதன் உலோக வளையமும் தண்ணீரில் நனையவே கூடாது. நான் இரண்டு முறை செய்திருக்கிறேன். முதல் முறை வெற்றி. இரண்டாம் முறை முடி காய்ந்ததும் ஒரு பக்கம் தளர்ந்தும் ஒரு பக்கம் இறுகியும் இருந்தது, கடைசியில் முடி மாற்றத்தான் போனேன்.

அதனால் என் ஓட்டு மூன்றாவதுக்கு. கழுவிய முடி சுத்தமான பழைய முடிதான், தேய்ந்தது தேய்ந்ததுதான். தினம் வாசிப்பவர்கள் ஆறு மாதம் முதல் ஒரு வருடத்துக்குள் முடி மாற்றுவது வழக்கம். மாற்றிச் சில மாதமே ஆகி, யாரோ குழந்தை பிசுபிசுத்த கையால் தடவிவிட்டது மாதிரி விபத்து என்றால் மட்டும் கழுவிப் பாருங்கள். ஒரே பக்கத்து முடிகள் நிறைய அறுந்திருந்தால் யோசிக்கவே வேண்டாம், மாற்றிவிடுங்கள். இழுவிசை ஒருபக்கமாகி நாளடைவில் குச்சியே கோணும். அந்தக் குச்சி பெர்னம்புகோ மரம் என்றால் இன்னும் கவனம் தேவை. பிரெஞ்சு வில் தயாரிப்பாளர் ஃபிரான்சுவா துர்த் 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் இன்றைய வில்லின் வடிவத்தை நிலைப்படுத்தியதிலிருந்து நல்ல வில் என்றால் அந்த பிரேசில் மரம்தான். அது அருகிப்போய் 2007 முதல் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கிறது. முடியை எத்தனை தடவை வேண்டுமானாலும் மாற்றலாம், குச்சியை அப்படி மாற்ற முடியாது.

அறுந்த இழையைப் பிடுங்காமல் இரு முனையிலும் கத்தரியால் நறுக்குங்கள். பிடுங்கினால் பக்கத்து இழைகளும் தளரும். வாசித்து முடித்ததும் குச்சியின் அடிப்பக்கத்தில் தங்கிய தூளைத் துடைத்து, முடியைத் தளர்த்தி வையுங்கள். இதற்கு மாற்று வழி கிடையாது, ஒப்பிடவும் ஒன்றுமில்லை.

ரொம்ப நாள் மூடிக்கிடந்த பெட்டியைத் திறந்தால் முடி கொத்துக் கொத்தாக அறுந்து கிடக்கிறதா? அது தேய்மானம் இல்லை, பூச்சி. கம்பளியையும் முடியையும் தின்னும் ஒரு வகை வண்டின் புழு, இருட்டும் அசைவில்லாத இடமும் அதற்குப் பிடிக்கும். பெட்டியின் மூலைகளை வாக்யூம் போட்டு உறிஞ்சிவிட்டு, வயலினை வெளியே எடுத்துவிட்டு, வெறும் பெட்டியை இரண்டு நாள் வெளிச்சத்தில் திறந்து போடுங்கள். அப்புறம்தான் புது முடி கட்டவேண்டும்.

பிருடை, பெட்டி, வயிறு

தந்தியை முறுக்கிச் சுருதி சேர்க்கும் பிருடை வழுக்கினால் சாக்பீஸ், இறுகினால் காய்ந்த சோப்பு, இது பழைய வழி. இரண்டுக்கும் நடுவாக இருக்கும் பெக் பேஸ்ட்டை வாங்கிவிட்டால் வேலை சுலபம், ஒரு குச்சி பல வருடம் வரும். எண்ணெய் மட்டும் கூடாது, ஒருமுறை விட்டால் பிருடை எங்கேயும் நிற்காது.

பெட்டிக்குள் ஈரப்பதம் 40 முதல் 60 சதவீதத்துக்குள் இருந்தால் மரத்துக்குச் சுகம். ஒரு சின்ன ஈரமானி போட்டுவைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். மற்றபடி வெயிலில் நிற்கும் காருக்குள் வயலினை விட்டுவிட்டு வருபவருக்கு எந்தத் துணியும் எந்தப் பாலிஷும் உதவாது.

கடைசியாக வயிற்றுக்குள் சேரும் தூசி. எஃப் துளை வழியாக எட்டிப் பார்த்தால் பஞ்சு உருண்டை மாதிரி தெரியும். வாக்யூம் குழாயை அங்கே கொண்டுபோகாதீர்கள், துளை ஓரம் அடிபடும். ஒரு கைப்பிடி பச்சரிசியைத் துளை வழியாகப் போட்டு, தந்திகள் இறுக்கமாக இருக்கும்போதே வயலினைப் புரட்டிப் புரட்டி மெதுவாகக் குலுக்கி, கவிழ்த்துக் கொட்டுவதுதான் பரவலாகச் செய்கிற முறை. அரிசி தூசியைச் சுருட்டிக்கொண்டு வரும். அரிசியைப் புடைத்து நொய்யும் தவிடும் நீக்கியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒரு தூசிக்குப் பதில் இன்னொரு தூசியைப் போட்டதாகிவிடும். உள்ளே சீட்டு பெயர்ந்திருந்தாலோ விரிசல் இருந்தாலோ இதைச் செய்ய வேண்டாம். நான் முதல்முறை செய்தபோது தூசியெல்லாம் அழகாக வந்துவிட்டது, ஒரே ஒரு அரிசி மட்டும் வரவில்லை. மூன்று நாள் ஒவ்வொரு கீழ்ச்சுரத்துக்கும் உள்ளேயிருந்து அது கிலுகிலுத்தது. நாலாம் நாள், வயலினை நான் தொடாதபோது, பெட்டிக்குள் தானாக வெளியே வந்து கிடந்தது.